காலத்திற்கு எல்லை உண்டா?

காலம் என்பது அறுபடாது ஓடும் ஒரே பிரவாகமா, அன்றிக் கணம் கணமாகக் கோத்த மாலையா, அதனுள் நாம் வகுத்துக்கொள்ளும் நாளும் திங்களும் ஆண்டும் யுகமும் காலத்துக்கே உரிய அவயவங்களா, அல்லது நம் புத்தி அதன்மேல் ஏற்றிவைத்த கோடுகளா என்னும் கேள்வி, பாரத நாட்டுத் தத்துவ ஞானிகள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்த கேள்விகளுள் ஒன்றாகும். காலம் ஒன்றே, நித்தியமானது, எங்கும் நிறைந்தது என்றனர் வைசேஷிகர். கணம் ஒன்றே மெய்; கணங்களைச் சேர்த்து முகூர்த்தமென்றும் பகலென்றும் இரவென்றும் சொல்லுவது புத்தி செய்யும் தொகுப்பே என்று யோக சூத்திரத்தின் பாஷ்யகாரரான வியாசர் தீர்ப்புக் கூறினார். சமணருள் திகம்பரர் காலத்தை அணுக்களாகவே கண்டனர். சைவ சித்தாந்திகளோ அதனை அசுத்த மாயையினின்று தோன்றும் தத்துவங்களுள் ஒன்றாக வைத்து, தோன்றியது எதுவும் ஒடுங்கியே தீருமாதலால் காலமும் ஒடுங்குவதே எனத் துணிந்து, காலகாலனாகிய இறைவன் ஒருவனையே அதற்கு அப்பாற்பட்டவனாகப் போற்றினர். மடங்களிலும் வித்துவ சபைகளிலும் நிகழ்ந்த இந்த விவாதத்தை ஒரு தீவின் கடற்கரைக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள கல்லைச் சாட்சியாக நிறுத்தி மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது வீண் முயற்சி ஆகாது என்பது என் எண்ணம்.

அந்தக் கடற்கரை ரங்கத்துக்குக் கிழக்கே இருக்கிறது. தென் அந்தமானிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை, ஜாரவா மக்களின் காட்டையும் பாராடாங் தீவையும் உப்பங்கழிகளையும் கடந்து, மத்திய அந்தமானின் கீழ்க்கரையில் உள்ள ரங்கத்தை அடைகிறது. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய அகதிகளும், சோட்டா நாகபுரியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களும், தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கலந்து வாழும் ஊர் இது. எரட்டாவில் படகேறினால் சதுப்புக் காடுகளின் நடுவே சென்று லாங் தீவை அடையலாம். அதற்கும் தெற்கே ஸ்ட்ரெய்ட், இங்லிஸ், ஜான் லாரன்ஸ், ஹாவ்லாக், நீல் என்று ரிட்சி தீவுக்கூட்டம் சிதறிக் கிடக்கிறது. இந்தத் தீவுகளின் ஓரங்களில் வெண்மையும் சாம்பலும் கலந்த நிறத்தில், கையால் தேய்த்தால் மாவாக உதிரும் சுண்ணப் பாறைகளும் களிப்பாறைகளும் அடுக்கடுக்காய் நிற்கின்றன. இடையிடையே என்றோ வெடித்த எரிமலைகளின் சாம்பலும் படிந்திருக்கிறது. நிலநூலார் இந்த அடுக்குகளைத் தொகுத்து ஆர்க்கிபெலகோ தொகுதி என்று வழங்குகின்றனர். அதன் உட்பிரிவுகளுக்கு லாங், கிட்டார், இங்லிஸ், ஸ்ட்ரெய்ட் என இத்தீவுகளின் பெயர்களையே இட்டிருக்கின்றனர்.

இந்தக் கல் ஒரு காலத்தில் ஆழ்கடலின் தரையாக இருந்தது. அங்கே அது படிந்த விதத்தை எண்ணும்போது மனம் தானே அடங்குகிறது. கடலின் மேல்நீரில் மிதந்து வாழும் ஃபொராமினிஃபெரா என்னும் ஓரணு உயிர்கள், கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தைக் கொண்டு தம்மைச் சுற்றி அறை அறையாக ஓடு கட்டிக்கொள்கின்றன. அவற்றுட் பல அரை மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் ஒவ்வோர் இனத்துக்கும் அறைகளின் அமைப்பும், சுருளும் திசையும், வாயின் வடிவமும், விளிம்பின் தடிப்பும் வெவ்வேறு. உயிர் நீங்கியதும் ஓடு மெல்ல இறங்கிக் கடலடியிற் சேருகிறது. ஆழ்கடலில் இத்தகைய சேறு ஆயிரம் ஆண்டுகளுக்கு ஓரிரு சென்டிமீட்டர் அளவே உயருமாதலால், ஒரு மனிதனின் உயரமுள்ள பாறை முகத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டுகளின் மரணங்கள் அடங்கியிருக்கின்றன. பிறகு, இந்தியத் தட்டு கிழக்கே பர்மாத் தட்டின்கீழ் இடையறாது நுழைந்துகொண்டிருப்பதால், அந்தக் கடல்தரை நெருக்குண்டு, மடிந்து, மேலெழுந்து, தீவாகி, தென்னையும் பாக்கும் வளரும் நிலமாயிற்று.

அந்த எழுச்சி முடிந்த கதையன்று. 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த பூகம்பத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து பவளப் பார்கள் நீருக்கு மேலே தூக்கப்பட்டு மடிந்தன. தெற்கே கிரேட் நிகோபாரின் இந்திரா முனையோ நான்கு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது. அன்று உற்றாரை இழந்த தீவு மக்களுக்குச் சுனாமிக்கு முன், சுனாமிக்குப் பின் என்னும் பிரிவைவிட உண்மையான காலப் பிரிவு வேறொன்று இல்லை. ஆனால் அந்த நாள் எதிர்காலப் பாறையில் விட்டுச்செல்லப் போவது சில இடங்களில் ஒரு சாண் மணலாக இருக்கலாம். பல இடங்களில் ஒன்றுமே இல்லாதிருக்கலாம். நம் நெஞ்சத்தில் ஆழப் பதிந்த எல்லை கல்லில் பதிவதில்லை. கல்லில் பதிந்த எல்லையை நம் நெஞ்சம் உணர்வதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் காலத்தைப் பற்றிப் பேசப் புகுவது தகாது.

கல்லிலுள்ள எல்லையை அறியும் வித்தை எளிய கருவிகளால் ஆனது. அருமை அதற்கு வேண்டிய பொறுமையில் இருக்கிறது. பாறை முகத்தின் அடியிலிருந்து உச்சிவரை, அளந்த இடைவெளிகளில் மாதிரிகளை எடுத்து எண்ணிட்டுப் பைகளில் இடுவார்கள். சோடா உப்புக் கலந்த நீரில் ஊறவைத்துக் களியைக் கரைத்து, 63 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் கழுவி உலர்த்துவார்கள். எஞ்சிய நுண்மணலை உருப்பெருக்கியின்கீழ்ப் பரப்பி, ஈரம் தொட்ட மெல்லிய தூரிகையின் நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டமிட்ட தட்டில் இனவாரியாக வைப்பார்கள். எந்த இனம் எந்த மாதிரியில் முதன்முதலாகத் தோன்றுகிறது, எதில் கடைசியாகக் காணப்படுகிறது என்னும் இரண்டே குறிப்புகள்தாம் இத்தனை உழைப்பின் பயன். ஓர் இனம் ஒருமுறை மறைந்தபின் அதே வடிவில் மீண்டும் பிறப்பதில்லை என்னும் சத்தியமே இந்தச் சாஸ்திரத்தின் அஸ்திவாரம். மணலும் களியும் சுண்ணமும் எத்தனை முறை வேண்டுமானாலும் படியலாம். அவற்றைக் கொண்டு காலத்தை அறிய முடியாது. ஜீவராசிகளின் வரவும் போக்கும் மட்டுமே திரும்பிவராதவை.

இத்தீவுகளின் நுண்ணுயிர்கள் உலகத்தின் கண்ணில் பட்டது இன்று நேற்றன்று. 1846-இல் கலத்தேயா என்னும் டேனியக் கப்பலில் வந்த ஹின்ரிக் ரிங்க் நிகோபார் தீவுகளில் திரட்டிச் சென்ற களிமண்ணை, பெர்லினில் இருந்த எஹ்ரன்பெர்க் ஆராய்ந்து, கண்ணாடிபோன்ற சிலிக்கா ஓடுடைய ரேடியோலேரியாக்களை அதிற் கண்டு உலகுக்கு அறிவித்தார். பின்னர், காசி இந்து சர்வகலாசாலையின் பேராசிரியர் எம். எஸ். ஸ்ரீநிவாசனும் அவருடைய மாணவர்களும் 1970-களிலிருந்து ரிட்சி தீவுக்கூட்டத்தின் அடுக்குகளை முறையாக ஆய்ந்து, ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் மயோசீன் காலம் முதலாக இங்குள்ள படிவுகளை வரிசைப்படுத்தினர். அவர் ஜேம்ஸ் கென்னட்டுடன் சேர்ந்து 1983-இல் வெளியிட்ட, மிதக்கும் ஃபொராமினிஃபெராக்களின் வமிசாவளிப் படத்தொகுப்பு, உலகமெங்கும் இத்துறையினர் கையில் வைத்திருக்கும் நூலாயிற்று. அவர் வகுத்த பிரதேசக் காலப் பிரிவுகளுக்கு இங்குள்ள தீவுகளின் பெயர்களோடு ஒங்கே, ஷாம்பென் முதலிய ஆதிகுடிகளின் பெயர்களையும் சூட்டினார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இங்கே ஓர் உதாரணத்தை நின்று நோக்குவோம். மயோசீன் முடிந்து பிளையோசீன் பிறக்கும் எல்லை 53 லட்சத்து 33 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று இன்று கணிக்கப்படுகிறது. அதற்கு உலகப் பொதுக் குறியிடமாக 2000-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது சிசிலித் தீவின் எராக்ளியா மினோவா என்னும் கடற்பாறை. அங்கே அந்த எல்லைக்கு ஒரு பெருங்காரணம் உண்டு: வற்றி உப்பளமாய்க் கிடந்த மத்தியதரைக் கடலுக்குள் அட்லாண்டிக் மாகடலின் நீர் மீண்டும் புகுந்த நிகழ்ச்சியை அந்தக் கல் காட்டுகிறது. ஆனால் அந்தமான் கடல் அப்போது வற்றவுமில்லை, நிரம்பவுமில்லை. இங்கே சேறு நேற்றுப் படிந்ததுபோலவே அன்றும் படிந்தது. ஆகவே இந்தத் தீவுகளின் பாறையில் அந்த எல்லையைக் கண்ணால் எவரும் காண இயலாது. நிறம் மாறுவதில்லை, அடுக்கு முறிவதில்லை. குளோபோரோட்டாலியா டுமிடா என்னும் இனம் தன் முன்னோரினத்தினின்று பிரிந்து முதன்முதலாகத் தோன்றும் இடத்தை அடையாளமாகக் கொண்டே, இந்தியப் பசிபிக் கடற்பகுதிகளில் அந்த எல்லையின் அண்மையை அறிகின்றனர். அண்மையை என்றேனே ஒழிய எல்லையை என்று சொல்லவில்லை. ஏனெனில் பசிபிக்கில் டுமிடாவின் தோற்றம் 55 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. உயிர் தோன்றியதற்கும் கோடு இடப்பட்டதற்கும் இடையே இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தூரம் இருக்கிறது. கல்லில் அது சுமார் ஐந்து மீட்டர் ஆகலாம்.

இன்னும் ஒன்று. பிளையோசீனுக்கும் பிளைஸ்டோசீனுக்கும் இடையேயுள்ள எல்லை, தென் இத்தாலியின் விரிக்காவில் சுமார் 18 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று 1980-களில் நிலைநாட்டப்பட்டிருந்தது. 2009-இல் நிலவியலாரின் சர்வதேசச் சங்கம் அதனைச் சிசிலியின் மான்டே சான் நிக்கோலாவுக்குப் பெயர்த்து, 25 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று மாற்றியது. ஏழு லட்சத்துக்கும் அதிகமான ஆண்டுகள் ஒரு தீர்மானத்தினால் ஒரு காலத்திலிருந்து மற்றொரு காலத்துக்கு மாறிச் சென்றன. கடலடியில் ஓர் ஓடும் அசையவில்லை. இதைக் கேட்கும் ஒருவர், அப்படியானால் இவையெல்லாம் வெறும் கற்பனைதானே, வாக்களித்து மாற்றக்கூடியதை மெய் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பாராயின், அந்தக் கேள்வி நியாயமானதே. நம் முன்னோர் எழுப்பிய கேள்வியும் அதுவேயன்றோ?

இதற்கு விடை வைசேஷிகரிடம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். காலம் ஒன்றே, அது பிரிவற்றது, ஆயினும் சூரியனின் கதி முதலான உபாதிகளால் அது பிரிவுடையதுபோல வழங்கப்படுகிறது என்பது அவர்கள் கொள்கை. உபாதி என்பது பொய்யன்று. சூரியன் உதிப்பது நம் சம்மதத்தைக் கேட்டு நடப்பதில்லை. உபாதி மெய், உபாதியைக் கொண்டு காலத்தை வகுப்பது நம் செயல். அவ்வாறே டுமிடா தோன்றியது மெய். அதன் ஓடு கல்லில் இருப்பது மெய். எந்த உயிரின் தோற்றத்தை, எந்தக் கல்லின் எந்த மட்டத்தை எல்லையாகக் கொள்வது என்பது மனிதர் கூடி எடுத்த தீர்மானம். மெய்யான நிகழ்ச்சியின்மேல் நிறுத்தப்பட்ட உடன்பாடு என்று இதனைச் சொல்லலாம். அது கல்லில் தானாய்க் கிடந்ததும் அன்று. நம் மனத்தில் வெறுமையிலிருந்து பிறந்ததும் அன்று.

உயிர்களைக் கொண்டு காலத்தை அறியும் இந்நெறியை, பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, இத்தீவுகளின் ஆதிகுடிகள் தம் வழியில் கண்டிருந்தனர். 1906 முதல் 1908 வரை இங்கே தங்கி ஆராய்ந்து, 1922-இல் அந்தமானியரைப் பற்றி நூல் வெளியிட்ட ராட்கிளிஃப் பிரவுன், அவர்கள் ஆண்டின் பருவங்களை அந்தந்த வேளையில் பூக்கும் மணமலர்களின் வரிசையால் அடையாளம் கண்டு பெயரிட்டனர் என்று எழுதுகிறார். எண்ணும் ஏடும் இல்லாத மக்கள், எந்த மலரின் மணம் காட்டில் எழுகிறது என்பதைக் கொண்டு இது இன்ன காலம் என்று சொன்னார்கள். தமிழ் இலக்கணமும் இதற்கு அந்நியமன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்த தொல்காப்பியம், அவற்றைச் சார்ந்து நிற்கும் மரம், புள், விலங்கு முதலியவற்றைக் கருப்பொருள் என்று வகுத்தது. செய்யுளைக் கேட்பவன் அந்தக் கருப்பொருளைக் கொண்டே எந்த நிலம், எந்தப் பொழுது என்று உணர்ந்துகொள்கிறான். இவை மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. ஆனால் மூன்றும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. காலம் தன்னைத் தானே காட்டிக்கொள்வதில்லை. வந்து வாழ்ந்து நீங்கும் உயிர்களே அதனைக் காட்டுகின்றன.

ஆனால் நீங்கியது என்று எப்படித் துணிவது? ஒரு மாதிரியில் ஓர் இனம் இருக்கிறது. அதற்கு மேலுள்ள மாதிரியில் இல்லை. இல்லை என்பதும் ஓர் அறிவுதானா? பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் புலப்படாமை என்னும் அனுபலப்தியைத் தனிப் பிரமாணமாக ஏற்றனர். ஆனால் ஒரு நிபந்தனையோடு. இருந்திருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்னும் யோக்கியதை உள்ள இடத்திலேயே புலப்படாமை இன்மைக்குச் சான்றாகும். இருட்டறையில் குடம் தெரியாததால் குடம் இல்லை என்று ஆகாது. சிக்னர், லிப்ஸ் என்னும் இரு அறிஞர்கள் 1982-இல் இதே நிபந்தனையைத் தொல்லுயிர் ஆராய்ச்சிக்கு நினைவூட்டினர்: நமக்குக் கிடைத்த கடைசி ஓடு, வாழ்ந்த கடைசி உயிரின் ஓடு ஆகாது, அரிய இனங்கள் உண்மையில் அழிந்ததற்கு முன்னரே அழிந்தனபோலத் தோன்றும். மறுதலையான மயக்கமும் உண்டு. பழைய அடுக்கு அரிக்கப்பட்டு அதன் ஓடுகள் புதிய சேற்றில் கலந்தால், மறைந்த இனம் இன்னும் வாழ்ந்ததுபோலத் தோன்றும். ரங்கத்துக்குச் செல்லும் வழியிலுள்ள பாராடாங்கின் சேற்று எரிமலை, ஆழத்திலுள்ள பழம்பாறைத் துண்டுகளை இன்றைய சேற்றோடு கொணர்ந்து கொட்டுவதைக் கண்டவர்களுக்கு இந்த ஐயம் எளிதில் விளங்கும்.

உயிர்கள் எல்லாக் கடல்களிலும் ஒரே நாளில் தோன்றுவதும் இல்லை. குளோபோரோட்டாலியா டிரங்காட்டுலினாய்டிஸ் என்னும் இனம் தென்மேற்குப் பசிபிக்கில் ஏறக்குறைய 28 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது. பிற கடல்களுக்கு அது பரவியது சுமார் 19 லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான். ஒரு கடலில் விடிந்த பொழுது மற்றொரு கடலில் ஏறக்குறைய ஒன்பது லட்சம் ஆண்டுகள் கழித்தே விடிகிறது. ஆகவே ஓர் உயிரை மட்டும் நம்பாமல், பல உயிர்களின் சாட்சியங்களையும், பாறையில் பதிந்த பூமியின் காந்தத் திசை மாற்றங்களையும், சாம்பல் அடுக்குகளின் கதிரியக்கக் கணக்கையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கின்றனர். எல்லை என்பது கூர்மையான கோடாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவது நம் புத்தி. இயற்கை தருவது பெரும்பாலும் மங்கலான ஓர் இடைவெளியே.

இவ்விடத்தில் நம் புராணகர்த்தாக்களின் நுண்ணுணர்வை நான் வணங்குகிறேன். அவர்கள் ஒரு யுகம் முடிந்த மறுகணமே அடுத்த யுகம் தொடங்குவதாக வைக்கவில்லை. ஒவ்வொரு யுகத்துக்கும் முன்னே சந்தியை, பின்னே சந்தியாம்சம் என்று, யுகத்தின் பத்தில் ஒரு பங்கு அளவாகக் கலப்புக் காலங்களை வைத்தனர். கலியுகம் ஆயிரம் தேவ வருஷங்கள். அதற்கு முன்னும் பின்னும் நூறு நூறு வருஷங்கள் சந்தி. பகலுக்கும் இரவுக்கும் இடையிலுள்ள அந்த மங்கிய நேரத்தையே வழிபாட்டுக்குரிய வேளையாக்கிய மக்கள், யுகங்களுக்கு இடையிலும் சந்தியைக் கண்டது இயல்பே. காலத்தின் மாற்றம் வெட்டு அன்று, கலப்பு என்பதே அதன் உட்பொருள்.

ஆயினும் இதனைச் சொன்னவுடனே ஓர் எச்சரிக்கையையும் சொல்லவேண்டும். சாஸ்திரங்களின்படி பிரம்மாவின் ஒரு பகலாகிய கற்பம் 432 கோடி ஆண்டுகள்; பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்று இன்று கணிக்கின்றனர். இவ்விரு எண்களும் அருகருகே இருப்பதைக் கண்டு, நம் முன்னோர் அனைத்தையும் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது முன்னோருக்குச் செய்யும் மரியாதை அன்று என்பது என் உறுதியான கருத்து. 454 கோடி என்னும் எண் விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து பெறப்பட்டது. புதிய அளவு வந்தால் திருத்தப்படுவதற்கு அது எப்போதும் ஆயத்தமாயிருக்கிறது. கற்பத்தின் கணக்கோ மனிதன் தன் ஆயுளின் சிறுமையை உணர்ந்து அகந்தையை விடுவதற்கும், தர்மம் தேய்வதையும் மீண்டும் தழைப்பதையும் எண்ணிப் பார்ப்பதற்கும் வகுக்கப்பட்டது. ஒன்று கல்லின் வயது. மற்றொன்று அறத்தின் அளவு. இரண்டையும் குழப்புகிறவன் இரண்டுக்கும் துரோகம் செய்கிறான். அதுபோலவே, யுகக் கணக்குப் பாறையில் காணப்படவில்லை ஆகையால் அது பொருளற்றது என்று தள்ளுகிறவனும், எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பதை மறந்தவனே.

ரங்கத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் பெயர்களைப் பாருங்கள்: தசரதபூர், ஜனகபூர், ஊர்மிளாபூர், பஞ்சவடி, பர்ணசாலா, சபரி. வீடிழந்து வந்த மக்கள் அறியாத காட்டைத் திருத்திய இடங்களில் வனவாசத்தின் பெயர்கள் வழங்கலாயின. அது மிகப் பொருத்தமான வழக்கு. காடேகியவர்களின் கதையைவிட அவர்களுக்கு ஆறுதல் தரக்கூடியது எது? அதே பஞ்சவடிக் குன்றுகளில், கடலடியில் பீறிட்டு நீரிற் குளிர்ந்து தலையணை வடிவில் உறைந்த லாவாக்கள் கிடக்கின்றன. அந்தமானில் இவ்வகைக் கடற்றரைப் பாறைகளின் வயது சுமார் ஒன்பதரைக் கோடி ஆண்டுகள் என்று அவற்றோடு சேர்ந்த ஸிர்கான் படிகங்கள் சொல்லுகின்றன. பஞ்சவடி என்னும் பெயரும் உண்மை, அந்த லாவாவின் வயதும் உண்மை. முன்னது மனிதர் நெஞ்சின் உண்மை, பின்னது நிலத்தின் உண்மை. ஒன்றை நிலைநாட்ட மற்றொன்றை அழிக்கவேண்டிய அவசியமே இல்லை.

நம் கிராமங்களில் இரண்டு வயல்களுக்கு நடுவே எல்லைக்கல் நாட்டுவது வழக்கம். மண்ணுக்கு அந்தக் கல் தெரியாது. வேரும் நீரும் அதனைக் கடந்து செல்லும். ஆயினும் இரவோடிரவாக அதனைப் பெயர்த்து நடுபவன் பாவி என்றே உலகம் சொல்லும். ஊர் எல்லையில் அய்யனாரைக் காவலாக நிறுத்தியதும், மனிதர் கூடிச் செய்த உடன்பாட்டுக்குத் தெய்வ சாட்சியம் வேண்டும் என்னும் எண்ணத்தினால்தான். மனிதர் இட்டது என்பதனால் ஓர் எல்லை இழிந்ததாகிவிடாது. எல்லோர் கண்ணெதிரிலும், சான்றுகளைப் பரப்பி, விவாதித்து இடப்பட்டதா, அல்லது தன்னலத்துக்காகத் திருட்டுத்தனமாக நகர்த்தப்பட்டதா என்பதே கேள்வி. 2009-இல் பிளைஸ்டோசீனின் எல்லை பல்லாண்டு விவாதத்தின் பின், காரணங்கள் எழுதப்பட்டு, வாக்கெடுத்து மாற்றப்பட்டது. அதனால் அது சத்தியத்துக்கு இழுக்கு அன்று; சத்தியத்தைத் தேடுவோருக்குரிய ஒழுக்கமே ஆகும்.

இத்தகைய எல்லைகள் வெறும் வித்துவப் பயிற்சியும் அல்ல. ராஜமுந்திரியின் கற்சுரங்கங்களில் தக்காண எரிமலைக் குழம்பின் இரண்டு படிவுகளுக்கு இடையே அகப்பட்ட கடற்படிவில், பேரழிவுக்குப் பின் உயிர் பிழைத்துத் தழைத்த மிகச் சிறிய ஃபொராமினிஃபெராக்களைக் கெர்டா கெல்லர் முதலானோர் கண்டு 2008-இல் வெளியிட்டனர். கீழ்ப்படிவு, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனசோர்கள் முதலான எண்ணற்ற உயிர்கள் மறைந்த எல்லையை ஒட்டி முடிந்தது என்று அதனால் அறிய முடிந்தது. உலகின் பெருந்துயரங்களுள் ஒன்றுக்கு எரிமலையும் காரணமா என்னும் வழக்கில், கண்ணுக்குத் தெரியாத ஓடுகள் சாட்சி சொல்லின. வலியவை மடிந்தபின் எளியவை எஞ்சி நின்று வரலாற்றைக் காத்தன என்பது பக்தி நூல்களில் மட்டும் காணப்படும் உண்மை அன்று.

மனிதன் தன் பெயராலும் ஒரு காலத்தைப் பிரிக்க விரும்பினான். ஆந்த்ரோபோசீன் என்று ஒரு புதிய காலத்தை, கனடாவின் கிராஃபோர்டு ஏரிச் சேற்றில் படிந்த அணுகுண்டுப் புளுட்டோனியத்தை அடையாளமாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கவேண்டும் என்ற யோசனை, 2024 மார்ச்சில் உரிய குழுவின் வாக்கெடுப்பில் நிராகரிக்கப்பட்டது. பூமியை நாம் மாற்றிவிட்டோம் என்பதை அந்தத் தீர்ப்பு மறுக்கவில்லை. அந்த மாற்றத்தை ஒரு காலத்தின் எல்லையாக இப்போதே நாட்டத் தகுமா என்பதையே மறுத்தது. இதில் எனக்கு ஓர் ஆன்மிகப் பாடம் தென்படுகிறது. டுமிடா தன் எல்லையைத் தானே வரையவில்லை. ஓர் உயிர் எந்தக் காலத்துக்கு அடையாளமாக நின்றது என்பதைப் பின்னே வருபவையே அறியும். நம் காலம் எப்பேர்ப்பட்டது என்று தீர்ப்புக் கூறும் உரிமை நம்மிடம் இல்லை. அந்தத் தீர்ப்புக்குரிய சான்றை மட்டும் நாம் நாள்தோறும் கடலிலும் மண்ணிலும் இட்டுக்கொண்டிருக்கிறோம். ஆகவே நமக்கு உரியது அடக்கமும் பொறுப்புமேயன்றிப் பட்டம் சூட்டிக்கொள்வது அன்று.

காலத்திற்கு எல்லை உண்டா என்னும் கேள்விக்கு என் விடை இதுதான்: காலத்திற்கு இல்லை, காலத்தில் வாழும் உயிர்களுக்கு உண்டு, அவ்வுயிர்களின் எல்லையைக் கொண்டு காலத்தை அளக்கும் பொறுப்பு மனிதனுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பொறுப்பை நிறைவேற்றுவதற்கு வேண்டியவை, கண்டதைக் கண்டபடி சொல்லும் நேர்மையும், காணாததை இல்லை என்று சாதிக்காத நிதானமும், பிழை தெரிந்தால் திருத்திக்கொள்ளும் துணிவும். இவை விஞ்ஞானிக்கு மட்டும் உரிய குணங்கள் அல்ல. நம் சாஸ்திரங்கள் அறிய விழையும் ஜிஞ்ஞாசுவுக்கு வேண்டும் என்று கேட்டவையும் இவையே. ரங்கத்தின் பள்ளிகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வங்கப் பிள்ளைகளுக்கும், தம் ஊர்களின் பெயர்களைத் தந்த இதிகாசத்தையும், தம் தீவுகளின் கல்லைத் தந்த நுண்ணுயிர்களையும் ஒருங்கே கற்பிக்கவேண்டும். அதைக்கொண்டு இதை நிரூபிக்கவோ, இதைக்கொண்டு அதை மறுக்கவோ முயலாமல், ஒவ்வொன்றையும் அதனதன் பிரமாணத்தினால் அறியப் பழக்கவேண்டும். உபகரணங்கள் விலையுயர்ந்தவை அல்ல. ஒரு சல்லடையும் ஓர் உருப்பெருக்கியும் போதும். சொந்த மண்ணின் வயதைத் தம் கையாலேயே கண்டறிந்த பிள்ளைகள், பிற்காலத்தில் எந்த எல்லையைப் பற்றிப் பேச நேர்ந்தாலும், அதை இட்டவர் யார், எந்தச் சான்றின்மேல் இட்டார் என்று கேட்கத் தவறமாட்டார்கள்.